வருமுன் காப்போர்: பொதுச் சுகாதாரப் பணி நமக்குக் கற்பிக்கும் மூன்று பாடங்கள்



நோயைத் தீர்க்கும் மருத்துவரை நாம் அனைவரும் அறிவோம். அவரைத் தேடிச் செல்கிறோம். குணமானதும் கைகூப்பி நன்றி சொல்கிறோம். ஆனால், நோய் நம் வீட்டு வாசலை மிதிக்காமலேயே தடுத்து நிறுத்தும் ஒரு கூட்டத்தார் இருக்கின்றனர். அவர்களை நாம் தேடிச் செல்வதில்லை. அவர்கள் பெயரும் நமக்குத் தெரிவதில்லை. குழாய் நீரைச் சோதிப்பவர், கால்வாயில் கொசுப்புழு இருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்ப்பவர், குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் தாதி, நோயாளி ஒருவர் கடந்த பத்து நாட்களில் யார் யாரைச் சந்தித்தார் என்று வீடு வீடாகச் சென்று விசாரிப்பவர், ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியின் முன் அமர்ந்திருப்பவர் ஆகிய இவர்கள் அனைவரும் பொதுச் சுகாதாரத் துறையினர்.

இவர்களுடைய வேலையில் ஒரு வினோதம் உண்டு. வேலை சரியாக நடந்தால் எதுவுமே நடப்பதில்லை! வராத காய்ச்சலுக்கு யார் நன்றி சொல்வார்? ஆகவேதான் இப்பணி எளிதில் மறக்கப்பட்டு விடுகிறது. நம் மண்ணோடும் நம் நாட்டு மக்களோடும் தொடர்புடைய மூன்று வரலாறுகளை எடுத்துக் கூறி, அவற்றிலிருந்து ஆலயங்களும் அறநிலையங்களும் கற்க வேண்டியவை எவை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நோய்ச் சங்கிலி

முதலில் ஓர் அடிப்படையைத் தெரிந்துகொள்வோம். தொற்றுநோய் பரவுவதற்கு ஆறு கண்ணிகள் கொண்ட ஒரு சங்கிலி வேண்டும். ஒன்று, நோய்க்கிருமி. இரண்டு, அது குடியிருக்கும் இடம். அது மனிதனாகவோ, விலங்காகவோ, நீராகவோ இருக்கலாம். மூன்று, அங்கிருந்து வெளியேறும் வழி. நான்கு, பரவும் வழி. காற்று, நீர், உணவு, கை, கொசு முதலியன. ஐந்து, மற்றோர் உடலுக்குள் நுழையும் வழி. ஆறு, அதற்கு இடங்கொடுக்கும் உடல்.

இந்த ஆறில் ஏதேனும் ஒரு கண்ணி அறுந்தால் போதும். சங்கிலி முழுவதும் பயனற்றுப் போகும். பொதுச் சுகாதார நிபுணரின் கலை, எந்தக் கண்ணியை அறுப்பது எளிது என்று கண்டுபிடிப்பதில் அடங்கியிருக்கிறது. கொசுவால் வரும் நோயென்றால் நான்காவது கண்ணியை அறுக்கலாம். தட்டம்மை என்றால் தடுப்பூசி போட்டு ஆறாவது கண்ணியை அறுக்கலாம். ஆனால் எந்த நோய், எந்த வழியாக வருகிறது என்பது தெரியாமல் கத்தியை வீசினால், சங்கிலி அப்படியே இருக்கும். நம் கைதான் வலிக்கும்.

முதற் பாடம்: கிள்ளான் காய்ச்சல்

1901-ஆம் ஆண்டு. அந்நாளில் மலாயாவில் காய்ச்சல் என்றாலே மரணம் என்று பொருள். குளிர்க் காய்ச்சல் எனப்பட்ட மலேரியா, காடழித்துத் தோட்டம் போட வந்த நம் முன்னோரைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டு சென்றது. தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்து, லயங்களில் குடியிருந்து, பால்மரம் நட்டவர்களில் எத்தனையோ பேருக்கு அந்தத் தோட்டத்து மண்ணே இறுதி இடமாயிற்று.

அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னர்தான், 1897-இல், ரொனால்ட் ராஸ் என்னும் மருத்துவர் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டறிந்திருந்தார். உலகின் பல பகுதிகளில் இதை ஏட்டளவில் வைத்திருந்த காலம் அது. மால்கம் வாட்சன் என்ற இளம் ஸ்காட்லாந்து மருத்துவர் 1901-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிள்ளான் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்றார். மருத்துவமனைக் கட்டில்கள் காய்ச்சல்காரர்களால் நிரம்பி வழிந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாமில் (இன்றைய கிள்ளான் துறைமுகம்) தொழிலாளர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சாய்ந்தனர். துறைமுகத்தையே மூடிவிடலாமா என்று யோசிக்கும் நிலை ஏற்பட்டது.

வாட்சன் கட்டிலருகே நின்று கொய்னா கொடுப்பதோடு நிற்கவில்லை. நகரைச் சுற்றியிருந்த சதுப்பு நிலத்தை வற்றச்செய்ய வேண்டும், காட்டை வெட்ட வேண்டும், கடல்நீர் புகாதபடி கரை கட்ட வேண்டும் என்று அரசாங்கத்தை வற்புறுத்தினார். பணிகள் நடந்தன. கிள்ளானிலும் துறைமுகத்திலும் 1901-இல் காய்ச்சலால் மாண்டவர் 368 பேர். அடுத்த ஆண்டான 1902-இல் அந்த எண்ணிக்கை 59. ஒரே ஆண்டில் நிகழ்ந்த மாற்றம் இது! மண்வெட்டியும் கால்வாயும் அவ்வளவு உயிர்களைக் காத்தன.

கதை இத்துடன் முடிந்திருந்தால் பாடம் எளிது. ஆனால் கடற்கரைச் சமவெளியில் வெற்றி தந்த அதே முறையை மலைப்பாங்கான தோட்டங்களில் கையாண்டபோது, காய்ச்சல் குறையவில்லை. சில இடங்களில் கூடவும் செய்தது. காரணம் என்ன? வாட்சன் பொறுமையாக ஆராய்ந்தார். சமவெளிக் காட்டில் நோய் பரப்பிய கொசு, நிழல் படிந்த தேங்குநீரில் முட்டையிடும் இனம். மலைச்சரிவில் நோய் பரப்பிய கொசுவோ வேறோர் இனம். அது வெயில் படும் தெளிந்த நீரோடையில்தான் பெருகும். காட்டை வெட்டி ஓடையை வெயிலுக்குத் திறந்துவிட்டால், அந்தக் கொசுவுக்கு நாமே தொட்டில் கட்டித் தந்தவர்கள் ஆவோம். எனவே மலைத் தோட்டங்களில் ஓடைநீரை மண்ணுக்கடியில் குழாய்வழி செலுத்துவதும், பின்னாளில் நீர்ப்பரப்பில் எண்ணெய் தெளிப்பதும் வழக்கமாயின. இந்த அனுபவங்களை அவர் 1911-இல் நூலாகவும் வெளியிட்டார்.

ஒரு நோய்க்குப் பொதுவான மருந்து உண்டு என்று எண்ணுவது தவறு. இடத்தைப் பார்த்துத்தான் வழியைத் தீர்மானிக்க வேண்டும். இதுவே முதற் பாடம். 2018 முதல் நம் நாட்டில் உள்ளூரிலேயே மனிதரிடமிருந்து கொசுவழி மனிதருக்குப் பரவும் மலேரியா பதிவாகவில்லை. குரங்குகளிடமிருந்து கொசுவின் வழியே வரும் வகை மட்டும் இன்னும் தொல்லை தருகிறது. நம் பாட்டன் பாட்டியரை அழித்த நோய் இவ்வளவு தூரம் ஒடுக்கப்பட்டதற்குப் பின்னால் நூறாண்டுக்கும் மேலான உழைப்பு இருக்கிறது.

இரண்டாம் பாடம்: பினாங்கு மைந்தரும் மஞ்சூரியக் கொள்ளைநோயும்

பினாங்கில் 1879-இல் பிறந்து, பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் பயின்று, உபகாரச் சம்பளம் பெற்று கேம்பிரிட்ஜ் சென்று மருத்துவரானவர் வூ லியென் தே. 1910-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், வட சீனாவில் மஞ்சூரியாவின் ஹார்பின் நகரில் மர்மமான ஒரு கொள்ளைநோய் பரவுவதாகச் செய்தி வந்தது. சீன அரசு 31 வயதே நிரம்பிய அவரை அங்கே அனுப்பியது. உறையும் குளிர். நோய் கண்டவர் ஓரிரு நாட்களில் இறந்தனர்.

எலியிலிருந்து தெள்ளுப்பூச்சி வழியாகவே பிளேக் பரவும் என்பது அன்றைய மருத்துவ நம்பிக்கை. வூ லியென் தே இறந்த ஒருவரின் உடலை அறுத்து ஆராய்ந்தார். கிருமி பிளேக் கிருமிதான். ஆனால் அது நுரையீரலைத் தாக்கியிருந்தது. அப்படியானால் இருமலின் வழியே, மூச்சின் வழியே மனிதரிடமிருந்து மனிதருக்கு நேரே பரவுகிறது என்று அவர் முடிவு கட்டினார். பஞ்சும் மெல்லிய துணியும் கொண்டு முகக்கவசம் செய்து, மருத்துவர்களும் உதவியாளர்களும் அதைக் கட்டாயம் அணிய வேண்டும் என்றார். அனுபவம் மிகுந்த பிரெஞ்சு மருத்துவர் ஒருவர் இந்த இளைஞரின் கருத்தை ஏற்கவில்லை. கவசமின்றி நோயாளிகளைப் பார்த்தார். சில நாட்களில் அவரே அந்நோய்க்குப் பலியானார். அதன் பிறகே பலருக்கும் உண்மை உறைத்தது.

வூ லியென் தே நகரைப் பகுதிகளாகப் பிரித்தார். வீடு வீடாக நோயாளிகளைத் தேடச் செய்தார். நோயாளியோடு பழகியவர்களை இரயில் பெட்டிகளில் தங்கவைத்துக் கண்காணித்தார். சீனப் புத்தாண்டுக்கு ஊர் திரும்பும் தொழிலாளர் கூட்டத்தால் நோய் தெற்கே பரவாதிருக்கப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தினார்.

எல்லாவற்றிலும் கடினமானது ஒன்று இருந்தது. நிலம் உறைந்து கிடந்ததால் குழி தோண்ட முடியாமல் ஆயிரக்கணக்கான உடல்கள் இடுகாட்டில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அவற்றை எரிக்க வேண்டும். முன்னோரைப் புதைத்து வழிபடும் சீன மரபில் அது பொறுக்கவொண்ணாத செயல். அவர் தாமாக முடிவெடுக்கவில்லை. அரசவையின் அனுமதியைக் கேட்டுப் பெற்றார். 1911 ஜனவரி இறுதியில் தகனம் நடந்தது. மார்ச் முதல் நாளோடு ஹார்பினில் புதிய நோயாளி இல்லை. மஞ்சூரியா முழுவதிலும் ஏறத்தாழ 60,000 பேரைக் கொண்டுபோன நோய், சில மாதங்களில் அடக்கப்பட்டது. பிற்காலத்தில் மலாயா திரும்பிய அவர், ஈப்போவில் பல ஆண்டுகள் மருத்துவம் பார்த்து, 1960-இல் பினாங்கில் காலமானார்.

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்து அறிய வேண்டும். நோய் கண்டவரை மற்றவரிடமிருந்து விலக்கி வைப்பது தனிமைப்படுத்துதல். நோய் கண்டவரோடு பழகியவரை, நோய் வெளிப்படும் காலம் கடக்கும் வரை ஒதுக்கி வைத்துக் கவனிப்பது தொற்றொதுக்கம். பின்னதுதான் மக்களுக்குக் கசப்பாக இருக்கும். “எனக்குத்தான் ஒன்றும் இல்லையே, ஏன் அடைத்து வைக்கிறீர்கள்?” என்று கேட்பார்கள். நோய்க்கிருமி உடலில் புகுந்தபின் அறிகுறி தோன்ற சில நாட்கள் ஆகும். அந்த இடைக்காலத்தில் அவர் பத்துப் பேரைச் சந்தித்தால் பத்துப் பேருக்கும் ஆபத்து நேரலாம். அதனால்தான் ஒதுக்கம்.

மக்களின் மரபை மதித்து, உரியவரிடம் அனுமதி பெற்று, ஆனால் உண்மையை விட்டுக்கொடுக்காமல் செயல்படுவது எப்படி என்பதே இரண்டாம் பாடம்.

மூன்றாம் பாடம்: நீப்பா

1998-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் கண்டது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கருதப்பட்டது. பன்றிகளின் உடலில் பெருகி, கொசுவழியே மனிதருக்கு வரும் நோய் அது. எனவே அந்தச் சந்தேகம் பொருத்தமாகவே தோன்றியது. கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். எனினும் நோய் நிற்கவில்லை. நெகிரி செம்பிலானின் சுங்கை நீப்பா, புக்கிட் பெலண்டுக் வட்டாரத்திற்கும் பரவியது.

கூர்ந்து பார்த்தவர்களுக்குச் சில செய்திகள் உறுத்தின. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்கள் பெரியவர்கள். தடுப்பூசி போட்டவர்களுக்கும் நோய் வந்தது. கொசு எல்லாரையும் கடிக்கும். ஆனால் பன்றிகளை நேரே தொட்டு வேலை செய்தவர்களே மிகுதியாக நோயுற்றனர். பன்றிகளும் உரக்க இருமி மடிந்தன.

மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் சுவா காவ் பிங், 1999 மார்ச்சில் நோயாளியின் மாதிரியிலிருந்து ஒரு வைரசைப் பிரித்தெடுத்தார். அது அதுவரை உலகம் அறியாத புதிய கிருமி என்று அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் உறுதியாயிற்று. அதற்கு நீப்பா என்று பெயர் வந்தது. அதன் இயற்கை இருப்பிடம் பழந்தின்னி வௌவால் என்பது பின்னர் தெரியவந்தது. பண்ணைகளை ஒட்டிப் பழமரங்கள் இருந்தன. வௌவால் கடித்துப் போட்ட பழத்தின் வழியே பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதருக்கும் கிருமி வந்திருக்கிறது.

உண்மை தெரிந்ததும் நடவடிக்கை மாறியது. பன்றிகளை இடம் மாற்றுவது தடுக்கப்பட்டது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. 265 பேர் நோயுற்று 105 பேர் இறந்த பின்னர், 1999-இன் நடுப்பகுதிக்குள் நோய் ஓய்ந்தது. பண்ணைக் குடும்பங்கள் பல தம் வாழ்வாதாரத்தை இழந்தன என்பதையும் நாம் மறக்கலாகாது. ஊரைக் காக்கும் பணிக்கு யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார். அவருக்குத் தோள் கொடுப்பது ஊரின் கடமை.

முதல் முடிவு தவறாக இருக்கலாம். சான்றுகள் பொருந்தாதபோது அதைக் கைவிடும் துணிவு வேண்டும். இதுவே மூன்றாம் பாடம்.

அன்றாடப் பணி

பெரிய கொள்ளைநோய் வந்தால்தான் இத்துறையினருக்கு வேலை என்று எண்ண வேண்டாம். 1988-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின்படி, குறிப்பிட்ட நோய்களைக் காணும் மருத்துவர் உடனே சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த ஒரு தகவலிலிருந்து வேலை தொடங்குகிறது. யாருக்கு வந்தது, எங்கே வந்தது, எப்போது வந்தது என்ற மூன்று கேள்விகளைக் கேட்கிறார்கள். விடைகளை அட்டவணையில் இட்டுப் பார்த்தால், பத்து நோயாளிகளும் ஒரே விருந்தில் உண்டவர்கள் என்றோ, ஒரே தெருவில் வசிப்பவர்கள் என்றோ தெரியவரும்.

தடுப்பூசியும் அப்படியே. 1992-க்குப் பிறகு நம் நாட்டில் இளம்பிள்ளை வாதம் தென்படவில்லை. 2000-ஆம் ஆண்டில் அந்நோய் இல்லாத நாடாகவும் அறிவிக்கப்பட்டோம். ஆனால் 27 ஆண்டுகளுக்குப் பின், 2019 டிசம்பரில் சபாவில் ஒரு குழந்தைக்கு அந்நோய் கண்டது. மறைந்துவிட்டது என்று நாம் நினைத்த நோய், வேலியில் சிறிய ஓட்டை தெரிந்ததும் உள்ளே நுழைந்துவிட்டது.

ஆலயங்கள் செய்ய வேண்டியவை

மக்கள் கூடும் இடம் ஆலயம். நன்மை பெருகும் இடம் அது. கவனக்குறைவு இருந்தால் நோயும் பெருகக்கூடும். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது ஆலயக் கதவுகள் சாத்தப்பட்டதையும், 2021 தைப்பூசத்தில் வழக்கமான காவடி ஊர்வலங்கள் நடைபெறாததையும் நாம் கண்டோம். மனம் வருந்தினோம், ஆயினும் வீட்டிலிருந்தே வழிபட்டோம். அந்தக் கட்டுப்பாட்டை இயல்பான நாட்களிலும் சிறு அளவில் கடைப்பிடிக்கலாம்.

1. அன்னதானம்: சமைத்த உணவு வெகுநேரம் வெதுவெதுப்பாகக் கிடந்தால் கிருமிகள் பெருகும். 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பநிலையே அவற்றுக்கு உகந்தது. சோற்றில் உள்ள சிலவகைக் கிருமிகளின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. அவை உண்டாக்கும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போவதில்லை. எனவே விடியற்காலையில் வடித்த சோற்றைப் பிற்பகலில் பரிமாறும் வழக்கம் கூடாது. பகுதி பகுதியாகச் சமைத்து, நான்கு மணி நேரத்துக்குள் பரிமாறி முடிக்க வேண்டும்.

2. தொண்டர்கள்: வயிற்றுப்போக்கு, வாந்தி, காய்ச்சல் உள்ளவர் அன்றைக்குச் சமையற்கட்டுக்குள் வரக்கூடாது. “நேர்த்திக்கடன், தொண்டு செய்தே தீருவேன்” என்பவரிடம் அன்பாக எடுத்துச் சொல்லி வேறு வேலை தரலாம். காய்ச்சலாக இருந்தால் வீட்டுக்கே அனுப்ப வேண்டும். உணவைக் கையாள்வோர் பயிற்சியும் டைஃபாய்டு தடுப்பூசியும் பெற வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிகள் கூறுகின்றன. வாடகைக்கு அமர்த்தும் சமையல்காரர்களிடம் அந்தச் சான்றிதழைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

3. தண்ணீர்ப் பந்தல்: குடிநீரும் ஐஸ் கட்டியும் எங்கிருந்து வருகின்றன என்று பொறுப்பாளர் அறிந்திருக்க வேண்டும். வெறுங்கையால் ஐஸ் அள்ளிப் போடுவதைத் தவிர்த்துக் கரண்டி பயன்படுத்த வேண்டும்.

4. தேங்குநீர்: டிங்கி பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்தை அடைய ஏறக்குறைய ஒரு வாரம் போதும். பூச்சாடி, அகல் விளக்கு, தாமரைத் தொட்டி, பந்தல் துணியின் பள்ளம், சிதறுகாய் உடைத்த ஓடு எல்லாம் அதற்குத் தொட்டில்களே. இரத ஊர்வலத்தன்று வீதியில் குவியும் தேங்காய் ஓடுகளை மழை பெய்யும் முன் அகற்ற வேண்டும். வாரத்தில் ஒரு நாளைக் குறித்து, இளைஞர் பிரிவினர் ஆலய வளாகம் முழுவதையும் சுற்றிப் பார்த்து நீரைக் கொட்டட்டும். தாமரைத் தொட்டியில் சிறு மீன்களை விடலாம்.

5. கை கழுவுதல்: சாப்பாட்டுக் கூடத்திலும் கழிப்பறையிலும் குழாய் மட்டும் போதாது, சவர்க்காரமும் இருக்க வேண்டும். இருபது விநாடி தேய்த்துக் கழுவச் சிறுவர்களுக்குச் சமய வகுப்பிலேயே பழக்கலாம்.

நன்கொடையாளர்களுக்கு ஒரு விண்ணப்பம்

கோபுரத் திருப்பணிக்கும் வெள்ளிக் கவசத்துக்கும் வாரி வழங்கும் உள்ளங்கள் நம்மிடையே உண்டு. அவர்களின் பெயர்கள் சலவைக்கல்லில் பொறிக்கப்படுகின்றன, அது முறையே. ஆனால் சாக்கடை மூடிக்கும், சமையற்கட்டுத் தளத்துக்கும், கை கழுவும் தொட்டிக்கும் நன்கொடை தர முன்வருவோர் அரிது. ஆலய நிர்வாகக் குழுவில் அமர்ந்து வரவு செலவு பார்க்கும் எவருக்கும் இது தெரியும். ஆண்டுக் கணக்கில் எப்போதும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும் செலவு இதுதான்.

1901-இல் கிள்ளானில் வெட்டிய கால்வாய்களில் யார் பெயரும் பொறிக்கப்படவில்லை. ஆயினும் மறு ஆண்டே முந்நூறுக்கும் மேற்பட்ட மரணங்கள் குறைந்தன. அந்த முந்நூறு பேர் யார் யார் என்று அவர்களுக்கே தெரியாது. பேர் தெரியாத உயிரைக் காப்பதைவிடப் பெரிய தருமம் எது?

ஆகவே, அறநிலையங்களும் ஆலயக் குழுக்களும் தங்கள் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் சுகாதாரத்துக்கென ஒரு சிறு பகுதியைத் தனியே ஒதுக்க வேண்டும். பெருவிழாவுக்கு முன்னதாகவே மாவட்டச் சுகாதார அலுவலகத்தாரை அழைத்து வளாகத்தைக் காட்டி ஆலோசனை கேட்க வேண்டும். அவர்கள் குறை சொல்லும்போது முகம் சுளிக்காமல் குறித்துக்கொள்ள வேண்டும். அவர்கள் சொல்லும் குறை, பின்னால் வரவிருக்கும் ஒரு துன்பத்தின் முன்னறிவிப்பு அல்லவா?

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது நம் முன்னோர் கூற்று. அணை போடுவோர்க்குத் துணை நிற்பதும் இறைபணியே. அடியார் அனைவரும் நோயற்ற வாழ்வும் குறைவற்ற செல்வமும் பெற்றுச் சிறப்புடன் வாழ, எல்லாம் வல்ல இறைவன் திருவருள் புரிவாராக!